கேள்விக்கு மிச்ச நேரம் போதாது: தமிழ்க் கணிமை மாநாடுகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கோலசிலாங்கூர் மாவட்டம். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் நின்றது, இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. இங்குள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் ஆசிரியை. பள்ளியின் கணினிக் கூடமும் என் பொறுப்பில் இருக்கிறது. தமிழில் கணினி, தமிழில் கற்பித்தல் என்று எங்கே மாநாடு நடந்தாலும் கைக்காசு போட்டாவது போய்விடுவேன். அப்படிப் போய்த் திரும்பிய ஒருத்தியின் மடல் இது. ஒன்றைக் கேட்பதற்காகவே எழுதுகிறேன். உங்கள் நிகழ்ச்சி நிரலில் அவையோர் கேட்டு, அவையோரே பேசி, அவையோரே நடத்திச் செல்லும் அமர்வுகளுக்கென்று தனி இடம் ஒதுக்குங்கள். கட்டுரை வாசிப்பு முடிந்து மிஞ்சும் நேரத்தில் அதைச் செருகாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநாட்டுக்கு நானும் என் பள்ளிச் சக ஆசிரியை ஒருவரும் போயிருந்தோம். எந்த மாநாடு என்பது இங்கே முக்கியமில்லை. அவர் எனக்கு அக்கா முறை, தோட்டப் பள்ளியிலேயே இருபது ஆண்டுக்கு மேல் பாடம் நடத்தியவர். காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் அவர் கையில் ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டே வந்தார். அதில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார். பிழைதிருத்தி பற்றி ஒருவர் கட்டுரை படைக்கப் போகிறார் என்று நிரலில் பார்த்ததிலிருந்து அக்கா எழுதித் திருத்தி வைத்திருந்த கேள்வி அது.

எங்கள் பிள்ளைகள் கணினியில் கட்டுரை எழுதினால் ‘செம்பனை’ என்ற சொல்லுக்கடியில் சிவப்புக் கோடு விழுகிறது. சாலையோரச் சாப்பாட்டுக் கடையைச் சொல்லும் ‘ஒட்டுக்கடை’, வாட்ஸ்அப்பைச் சொல்லும் ‘புலனம்’, தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பதைச் சொல்லும் ‘பெரட்டு’ எல்லாவற்றுக்கும் அதே கோடு. பிள்ளை என்ன செய்கிறது தெரியுமா? கோடு விழாத சொல்லாகத் தேடி மாற்றிவிடுகிறது. அப்பா வேலை செய்யும் மரத்தின் பெயரையே கட்டுரையிலிருந்து எடுத்துவிடுகிறது. தன் வீட்டுச் சொல் தப்பு என்று ஒன்பது வயதில் ஒரு பெட்டி அதற்குச் சொல்லித் தருகிறது. இதை எப்படிச் சரிசெய்வது, எங்கள் சொற்களை யாரிடம் கொடுப்பது என்பதுதான் அக்காவின் கேள்வி.

அந்த அமர்வில் நான்கு பேர் கட்டுரை படைத்தார்கள். திறப்பு விழா நீண்டுபோனதால் எல்லாமே தள்ளிப்போயிருந்தது. நான்காவது ஆள் முடித்தபோது மதிய உணவுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அமர்வுத் தலைவர், “ஒரே ஒரு கேள்வி மட்டும்” என்றார். முன் வரிசையில் இருந்த ஒருவர் ஒலிவாங்கியை வாங்கித் தமிழின் தொன்மையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கைதட்டினோம், எழுந்தோம். அக்கா தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு வரிசையில் தற்செயலாக அந்தக் கட்டுரையாளர் எங்களுக்கு முன்னால் நின்றார். நான்தான் அக்காவை முன்னே தள்ளினேன். அக்கா கேட்டார். அவர் மீகூன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு சொல்லாகக் குறித்துக்கொண்டார். “இதை இதுவரைக்கும் யாரும் எங்ககிட்டச் சொன்னதில்லையே, டீச்சர்” என்றார். இருவரும் இருபது நிமிடம் பேசினார்கள். அந்த மாநாட்டிலேயே மிகப் பயனுள்ள இருபது நிமிடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு நிரலில் இல்லை, தொகுப்பில் இல்லை, வேறு யார் காதிலும் விழவில்லை. வரிசையில் அவர் நான்கு பேர் தள்ளி நின்றிருந்தால் நடந்தே இருக்காது.

என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியற்காலைப் பெரட்டைப் பற்றி நிறையச் சொல்வார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் வாசிப்பார், எந்த மர வரிசையில், அதாவது நிரையில், யார் என்று சொல்வார், ஆட்கள் கேட்டுக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். யாரும் எதிர்த்தும் கேட்கமாட்டார்கள், விளக்கமும் கேட்கமாட்டார்கள். ஆனால் பால் எடுத்து முடித்து நிறுவைக்காகக் கொட்டகையில் காத்திருக்கும் நேரத்தில்தான் பேச்சு நடக்கும். எந்த மரத்தில் பட்டை காய்கிறது, எந்த நிரையில் கத்தியை எப்படிப் பிடித்தால் பால் வழியாமல் கோப்பைக்கு வரும், மழைக்கு மறுநாள் என்ன செய்வது என்பதெல்லாம் அங்கேதான் கைமாறும். அம்மா தொழில் கற்றது அந்தக் கொட்டகையில். மாநாடுகளில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பெரட்டுக் களம்தான் நினைவுக்கு வருகிறது. மேடையில் இருப்பவர் சொல்கிறார், நாங்கள் கேட்டுக்கொண்டு கலைகிறோம்.

தமிழ்க் கணிமை இப்படித் தொடங்கவில்லை என்பதால்தான் எனக்கு வருத்தம் கூடுகிறது. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய தமிழ்நெட் மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடும் வெறும் கட்டுரை வாசிப்புகள் அல்ல. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் குறியேற்றமும் ஆளுக்கொன்று, ஆளுக்கொரு விசைப்பலகை என்று இருந்த காலம். ஒருவர் அனுப்பிய மடல் இன்னொருவர் திரையில் கிறுக்கலாகத் தெரியும். அந்தச் சிக்கலோடு வந்தவர்கள் வாதாடி, முரண்பட்டு, இறங்கி வந்து எட்டிய முடிவுகளில் ஒன்றுதான் தமிழ் 99 விசைப்பலகை. 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் உருவானதும் அப்படிக் கூடிப் பேசியதன் தொடர்ச்சிதான். 2001இலும் 2013இலும் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கே வந்தது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் முரசு அஞ்சல் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். மற்றவர் செய்து தந்ததைப் பார்வையாளர்களாக இருந்து வாங்கிக்கொள்ள மட்டும் பிறந்தவர்கள் அல்லர் மலேசியத் தமிழர்கள். நம் பழைய வழக்கமும் அப்படித்தான். நூலை அரங்கேற்றுகிறவர் அவையின் தடைகளுக்கு விடை சொல்லாமல் இறங்க முடியாது.

கணினித்துறை உலகம் இதற்குப் பல வழிகளைக் கண்டுவைத்திருக்கிறது. நான் கணினி அறிவியல் படித்தவள் இல்லை, தேடித் தேடி வாசித்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம்மில் ‘இனம் இனத்தோடு சேரும்’ என்பார்கள். அவர்களும் ஒரே இறகுள்ள பறவைகள் என்ற பெயரில் ஓர் அமர்வு வைத்திருக்கிறார்கள். ஒரே சிக்கல் உள்ளவர்கள் ஓர் அறையில் கூடிப் பேசுவார்கள், அங்கே கட்டுரை வாசிப்பு கிடையாது. இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பில், புதிய பணிக்குழு ஒன்று தொடங்குவதற்கு முன் பெரும்பாலும் இத்தகைய அமர்வு நடக்கும். சிக்கல் உண்மையானதா, வேலை செய்ய ஆள் இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். அறையின் போக்கை அறியக் கையை எண்ணாமலே பார்க்கும் வழக்கமும் அங்கே உண்டு. ஒப்புகிறவர்களை ‘உம்ம்’ என்று முனகச் சொல்லி, அந்த ஒலியின் அளவைக் கேட்பார்கள். தலைவர் முன்னால் கை தூக்கக் கூசுகிறவருக்கும் அதில் இடம் உண்டு.

அந்த அமர்வை நல்லபடியாக நடத்துவது எப்படி என்று தாமஸ் நார்ட்டன் 2009இல் ஓர் ஆவணமே எழுதியிருக்கிறார், அந்த அமைப்பின் ஆவண வரிசையில் ஆர்.எஃப்.சி. 5434 என்று எண். அதை வாசித்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. அவையோர் நடத்தும் அமர்வு என்றால் ஏற்பாட்டாளருக்கு வேலை குறைவு என்று நாம் எண்ணுகிறோம், உண்மையில் வேலை கூடுதல். சில மாதங்களுக்கு முன்பே சிறு குழு ஒன்று பேசத் தொடங்க வேண்டும். சிக்கலைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். தீர்வுக்குப் பாய்வதற்கு முன் சிக்கலை எல்லாரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டார்களா என்று பார்க்க வேண்டும். படைப்புகள் நேரத்தைத் தின்ன விடக்கூடாது. முடிவில் அறையிடம் கேட்கப்போகும் கேள்விகளை முன்கூட்டியே செதுக்கி வைத்திருக்க வேண்டும். ‘கலந்துரையாடல்’ என்று நிரலில் ஒரு சொல்லைப் போட்டுவிட்டு, அன்றைக்கு யாராவது பேசுவார்கள் என்று விட்டுவிடுவதால்தான் நம் கலந்துரையாடல்கள் வீணாகின்றன.

1985இல் ஹாரிசன் ஓவன் என்பவர் திறந்தவெளிக் கூட்டம் என்ற முறையைத் தொடங்கினார். பெரிய மாநாடு ஒன்றை நடத்தி முடித்தவருக்கு, வந்தவர்கள் மிகவும் விரும்பியது தேநீர் இடைவேளையைத்தான் என்று தெரிந்ததாம். அப்படியானால் கூட்டம் முழுவதையும் தேநீர் இடைவேளை போலவே அமைத்தால் என்ன என்று யோசித்தார். வெறும் சுவரோடு தொடங்கும், வந்தவர்களே தலைப்பை எழுதி ஒட்டுவார்கள், ஒட்டியவரே அதை நடத்துவார். இதில் ‘இரு கால் விதி’ என்று ஒன்று உண்டு. இருக்கும் இடத்தில் கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் எழுந்து வேறு குழுவுக்கு நடந்துவிடலாம். இந்த விதியை மட்டும் நம்மவர்களிடம் அப்படியே கொண்டுவர முடியாது என்பது என் கருத்து. பெரியவர் பேசும்போது எழுந்து போவதை நம் கூட்டங்களில் அவமரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். யாரும் எழ மாட்டார்கள், எழுந்தவரை மன்னிக்கவும் மாட்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து எல்லாரையும் இடம் மாறச் சொன்னால் யார் மனமும் நோகாது. ஜெர்மனியின் டாக்ஸ்டூல் ஆய்வு மையம் 1990 முதல் கணினி அறிஞர்களைக் கூட்டி வருகிறது. அங்கே சாப்பாட்டு மேசையில் யார் எங்கே அமர்வது என்பதையே குலுக்கல் போல மாற்றி மாற்றி வைப்பார்கள். நம் மாநாட்டில் பிரமுகர் மேசைக்குத் தனிக் கயிறு கட்டுகிறோம்.

நாங்களே ஒருமுறை நடத்திப் பார்த்தோம். பள்ளி மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை காலை. அக்கம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் எங்கள் முன்னாள் மாணவர் இருவர், ஓய்வு பெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஒருவர், பள்ளி வாசலுக்கு எதிரே ஒட்டுக்கடை வைத்திருக்கும் அம்மா, மொத்தம் முப்பது பேருக்கு மேல் இருந்தோம். தலைப்பு: ‘கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் — உங்களுக்கு எங்கே முட்டுகிறது?’

முதல் அரை மணி நேரம் படுதோல்வி. நாற்காலிகளை வரிசையாகவே போட்டிருந்தோம். நான் முன்னால் நின்று, “யாருக்காவது கேள்வி இருக்கா?” என்றேன். மௌனம். அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை, நானே பேசி நிரப்பினேன். மறுபடி கேட்டேன், மறுபடி நிரப்பினேன். அன்றிரவுதான் மேரி பட் ரோ செய்த ஆய்வைப் பற்றிப் பயிற்சிக் கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. 1970களில் அமெரிக்க வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டவர் அவர். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, வாய் திறவாதவர்களும் திறந்தார்கள். வகுப்பில் இதைக் கடைப்பிடிக்கிறவள்தான் நான். பெரியவர்கள் முன்னால் நிற்கும்போது மறந்துவிட்டேன். அமர்வை நடத்த வருகிறவருக்கு நீங்கள் ஒரே ஒரு பயிற்சிதான் தர முடியும் என்றால் இதைத் தாருங்கள்: மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிவிட்டு அப்புறம் வாயைத் திறக்கட்டும்.

இடைவேளையில் நாற்காலிகளை வட்டமாக மாற்றினோம். அக்கா வெற்றுச் சீட்டுகளைக் கொடுத்து, “பேர் போட வேணாம், எழுதத் தெரிஞ்ச மாதிரி எழுதுங்க” என்றார். எழுத வராதவர்கள் பக்கத்தில் இருந்த பிள்ளைகளிடம் சொல்லி எழுதினார்கள். சீட்டுகள் நாற்பதைத் தாண்டின. அவற்றை மாஜோங் தாள் என்று நாங்கள் சொல்லும் பெரிய தாளில் ஒட்டி, ஒத்தவற்றை ஒரே பக்கம் சேர்த்தோம். ஒரு மணி நேரத்துக்கு முன் வாயே திறக்காத அறைதான் அது.

ஒட்டுக்கடை அம்மாவின் சீட்டு: ‘என் மகன் பேசினா போனே எழுதிக்கிது. அப்போ அவன் எப்ப எழுதப் பழகுவான்?’ இந்தக் கேள்விக்கு நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் விடை இல்லை. இன்னொரு சீட்டில், மலாய் கலந்த பேச்சைப் பற்றி, ‘பாசார், லோரி, ரோத்தான் என்று நாம் பேசும்போது அந்தக் குரல் எழுதி ஏன் தடுமாறுது?’ மூன்றாவது, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அம்மாவோடு வந்து எழுதியது: ‘ழ எங்கே இருக்கு?’

கிராணி ஐயாவின் சீட்டை மறக்க முடியாது. 1990களில் தோட்டத்து மாரியம்மன் கோயில் வரலாற்றை, முதியவர்களைக் கேட்டுக் கேட்டு, கணினியில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். சொன்னவர்களில் யாரும் இப்போது இல்லை. தோட்டத்து லயன் வீடுகளும் இல்லை. கோப்பைத் திறந்தால் புள்ளியும் கொம்பும் வைத்த அந்நிய எழுத்துகளாக வருகிறது. ‘இது செத்துப்போச்சா?’ என்று எழுதியிருந்தார். முன்னாள் மாணவர்களில் ஒருவன் எழுந்து, “ஐயா, பெண்டிரைவ் இருக்கா?” என்றான். இருந்தது. அது பழைய எட்டு பிட்டு குறியேற்றம், உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துகளை அமர்த்தியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும், கோப்பு சாகவில்லை என்று விளக்கினான். எந்தக் குறியேற்றம் என்று கண்டுபிடித்து, இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றி, மதியத்துக்குள் திரையில் காட்டினான். ஐயா முதல் வரியை உரக்க வாசித்தார். இரண்டாம் வரி வாசிக்க அவருக்குக் குரல் எழவில்லை. சீட்டை எழுதியவரும் விடை தெரிந்தவனும் ஒரே ஊர். அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இடம் இல்லாததால் இருபது ஆண்டுக்கு மேல் அந்தக் கோப்பு மூடியே கிடந்தது.

பிற்பகலில் இன்னொன்றைச் செய்தோம். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய முறை. கேள்வியைக் கொடு, ஒவ்வொருவரும் தனியாக வாக்களிக்கட்டும், பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், மறுபடி வாக்களிக்கட்டும். கணினித்துறை வகுப்புகளிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் மண்டபத்தில் இணையம் வரும் போகும், அதனால் பச்சை, மஞ்சள் அட்டைகளை வெட்டி வைத்தோம். கேள்வி: ‘பிள்ளைக்கு முதலில் தமிழ் 99 கற்றுக்கொடுக்க வேண்டுமா, உரோமன் எழுத்துவழித் தட்டச்சா?’ முதல் வாக்கில் உரோமன் வழிக்கே பெரும்பான்மை. நாங்கள் எல்லாரும் அப்படிப் பழகியவர்கள்தானே. பிறகு பேசவிட்டோம். இரண்டாம் ஆண்டு வகுப்பாசிரியை பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னதை அறையே கேட்டது: “ழ-வுக்கு இசட்டுன்னு ஏழு வயசுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவீங்க? தமிழெழுத்தே இப்பதான் கையில உட்காருது.” மாணவன் ஒருவன் தமிழ் 99இல் உயிர் இடக்கைக்கும் மெய் பெரும்பாலும் வலக்கைக்கும் போவதையும், ஒரே எழுத்தை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழுவதையும் காட்டினான். இரண்டாம் வாக்கில் பல அட்டைகள் நிறம் மாறின. ஒரேயொரு சரியான விடை உள்ள கேள்வி இல்லைதான், மசூரின் முறை அப்படிப்பட்ட கேள்விகளுக்காகவே பிறந்தது என்பதும் தெரியும். ஆனாலும் ஏன் மாறினோம் என்று ஒவ்வொருவரும் காரணம் சொல்ல முடிந்தது. ஒருவர் மேடையேறி, ‘தமிழ் 99தான் நல்லது’ என்று முக்கால் மணி நேரம் பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

இதையெல்லாம் வைத்துத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஆய்வுக்கட்டுரைக்கு அழைப்பு விடும்போதே, கேள்விக்கும் அழைப்பு விடுங்கள். ஆய்வுச் சுருக்கம் எழுதத் தெரியாத ஆசிரியர், அச்சகத்தில் தட்டச்சு செய்பவர், கோயில் செயலாளர், பேரப்பிள்ளைக்குக் கடிதம் எழுத நினைக்கும் பாட்டி, இவர்களும் பத்து வரியில் ஒரு சிக்கலை எழுதி அனுப்பலாம் என்று சொல்லுங்கள். புலனத்தில் குரல் பதிவாக வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், செந்தமிழில்தான் இருக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். தோட்டத்து ஆட்கள் மேடைத் தமிழுக்குப் பயந்தே பாதிக் கேள்வியை விழுங்கிவிடுகிறார்கள். வந்ததில் ஒத்தவற்றைச் சேர்த்து, அதற்குரிய ஆய்வாளர்களிடம் ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். அவர்களும் சிந்தித்துவிட்டு வருவார்கள்.

அந்த அமர்வை மாலை ஐந்து மணிக்குத் தள்ளாதீர்கள். தொலைவிலிருந்து வந்தவர்கள் நான்கு மணிக்கே பேருந்தை நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். முதல் நாள் காலையில் வையுங்கள். அதற்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். திறப்பு விழாவில் இருக்கிறது. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, படம் எடுத்தல் எல்லாமே அன்பினால் செய்யப்படுபவை, எனக்குத் தெரியும். எங்கள் பள்ளி நிகழ்ச்சியிலும் செய்கிறோம். ஆனால் அந்த அன்புக்கான விலையை ஒவ்வொரு முறையும் கடைசி வரிசைதான் கொடுக்கிறது. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்துவதை மதிய விருந்தில் வைத்தால் அவர் குறைவாக நினைக்கமாட்டார்.

நடத்துபவரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தத் துறையின் பெரிய பெயரைத் தேடாதீர்கள். பெரியவர் இருந்தால் எல்லாக் கேள்வியும் அவரிடமே போகும், விடையும் அவரிடமிருந்தே வரும். கேட்கத் தெரிந்தவர் வேண்டும். கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவு தொடங்குகிறவரை மரியாதையோடு நிறுத்தத் தெரிந்தவர் வேண்டும். எங்கள் பள்ளியில் அக்கா அதைச் செய்வார்: “அண்ணே, நல்ல கருத்து, சீட்டுல எழுதி ஒட்டிடுவோம்” என்பார். வல்லுநர்களையும் உட்கார வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் ஐந்து நாற்காலி போட்டு ஒன்றைக் காலியாக விடுங்கள். பேச நினைப்பவர் வந்து அதில் அமரட்டும், அவர் அமர்ந்ததும் நால்வரில் ஒருவர் எழுந்து கொடுக்கட்டும். ஒலிவாங்கி கைமாறுவதைவிட நாற்காலி கைமாறுவதில் பயம் குறைகிறது.

முதல் கேள்வி யாருடையது என்பதையும் கவனியுங்கள். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பத்து நாடுகளில் 247 கல்விசார் கருத்தரங்குகளைக் கவனித்து எழுதப்பட்டது. ஆண்களை விடப் பெண்கள் மிகக் குறைவாகவே கேள்வி கேட்கிறார்கள், அதிலும் முதல் கேள்வி ஆணிடமிருந்து வந்தால் இன்னும் குறைகிறது என்று கண்டார்கள். எங்கள் தமிழ்ப்பள்ளிகளில் பாடம் நடத்துவோரில் மிகப் பலர் பெண்கள். மாநாட்டு ஒலிவாங்கியில் எங்கள் குரல் எவ்வளவு கேட்கிறது என்பதை உங்கள் பதிவுகளைப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் பதிவு. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல்கலைக்கழக ஆய்வாளருக்குக் கட்டுரை அச்சில் வந்தால்தான் பதவி உயர்வுக்குக் கணக்கு. கேள்வி அமர்வை நடத்தினால் அவருக்கு ஒன்றுமில்லை, அதனால்தான் யாரும் முன்வருவதில்லை. மாநாட்டுத் தொகுப்பில் அந்த அமர்வுக்கும் பக்கம் ஒதுக்குங்கள். என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள், எது விடையின்றி நின்றது என்று நடத்தியவர் பெயரோடு அறிக்கையாக வரட்டும். கேட்டவர் விரும்பினால் அவர் பெயரும் வரட்டும். அக்காவின் கேள்வி ஒரு பக்கத்தில் அச்சாகியிருந்தால், அடுத்த ஆண்டு எங்கோ ஒரு முதுகலை மாணவர் அதை எடுத்துச் செய்திருக்கக்கூடும். அடுத்த மாநாட்டைத் தொடங்கும்போது முதல் அரை மணி நேரம், சென்ற முறை விடையின்றி நின்ற கேள்விகள் என்ன ஆயின என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ளமாட்டோம். கேட்டது யார் காதிலாவது விழுந்தது என்பது எங்களுக்குப் போதும்.

இப்படிச் செய்தால் ஆய்வுத் தரம் குறையும் என்று உங்களில் சிலர் தயங்குவதை நேரில் கேட்டிருக்கிறேன். கட்டுரைகளைக் குறைக்கச் சொல்லவில்லை. நல்ல கட்டுரைகளை விரும்பித்தான் வருகிறோம். ஆனால் நீங்கள் செய்யும் கருவிகள் கடைசியில் எங்கள் வகுப்பறைக்குத்தான் வருகின்றன. சிவப்புக் கோடு எங்கள் பிள்ளையின் சொல்லுக்கடியில்தான் விழுகிறது. அதைச் சொல்ல வருகிறவருக்கு ஒரு முற்பகல் கொடுப்பதால் எந்த ஆய்வும் தரம் தாழாது. சிலருக்குத் தாங்கள் அடுத்து என்ன ஆராய வேண்டும் என்பதே அங்கேதான் தெரியவரும்.

பெருநகரத்து விடுதி மண்டபத்தில் இதற்கு இடமில்லை என்றால், ஒரு நாளை இங்கே வையுங்கள். எங்கள் பள்ளி மண்டபம் சனிக்கிழமைகளில் காலியாகத்தான் இருக்கிறது. மின்விசிறி நான்கும் ஓடும். நாற்காலிகள் மடக்குபவை, வட்டமாகப் போட வசதி. அட்டைகளும் சீட்டுகளும் மாஜோங் தாளும் நாங்கள் வாங்கி வைக்கிறோம், மதியச் சாப்பாட்டை ஒட்டுக்கடை அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கிராணி ஐயா கோயில் வரலாற்றின் அடுத்த பகுதியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார், அது வேறொரு எழுத்துருவில் இருக்கிறது. அக்காவிடம் இப்போது சிவப்புக் கோடு விழும் சொற்கள் பதினெட்டுப் பக்கம் சேர்ந்துவிட்டன. பிள்ளைகளே எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.